வைரவருக்குப் பன்னிரண்டு வோல்ற்று

2024 ஜூலை 18, வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். நேரத்தை நான் இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெல்லியடிப் பட்டணத்திலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததும் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு பத்து. ஆறே முக்காலுக்கு எரியும்" என்று அறிவித்தார். அவர் ஓய்வுபெற்ற பாடசாலைப் பிரதி அதிபர். எங்கள் வீட்டில் காரியங்கள் தாமாகத் தொடங்குவதில்லை, மணியடித்துத் தொடக்கிவைக்கப்படும்.

பெட்டிக்குள் பத்துத் தோட்ட விளக்குகள் இருந்தன. ஒன்பது, பாதையோர மண்ணில் குத்தி நிறுத்துகிற, காளான் தலை கொண்ட குட்டை விளக்குகள். பத்தாவது, தரையில் இருந்துகொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்து ஒளி வீசுகிற குவிவிளக்கு. கூடவே ஒரு வயர்ச் சுருளும், வீட்டு மின்சாரத்தை வாங்கிப் பன்னிரண்டு வோல்ற்றாகக் குறைத்துக் கொடுக்கும் கறுப்புப் பெட்டியொன்றும். பன்னிரண்டு வோல்ற்று ஆளைக் கொல்லாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம். அப்பா அதை எங்களுக்கு மூன்று தடவை சொன்னார்; மூன்றாம் தடவை அவருடைய குரலில் சிறிது ஏமாற்றம் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் மூலம் அம்மாவின் கணுக்கால். வீட்டு வளவின் பின்மூலையில், வேப்பமரத்தடியில், எங்கள் வைரவர் இருக்கிறார்: ஒரு சூலம், ஒரு கல், அழையாமலே வந்து படுத்துக்கொண்ட ஒரு நாய். அம்மா நாள் தவறாமல் பொழுதுபடும் நேரத்தில் அங்கே விளக்கு வைப்பார். மூன்று வாரத்துக்கு முன்பு திரும்பி வரும்போது கிணற்றடிப் படியில் சறுக்கி விழுந்து, பத்து நாள் கால் வீங்கிக் கிடந்தார். அப்பா முதலில் "பாத்து நடக்கிறதில்லை" என்று ஏசினார். பிறகு யாருக்கும் சொல்லாமல் அந்தப் படியைத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவினார். அதன் பிறகு இந்தப் பெட்டி. பயந்துபோனேன் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த மொழி அதுதான்.

"கொம்மா வைரவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் குடுக்கிறா," என்று என்னிடம் பெருமைப்பட்டார். "அவ்வளவு பக்தியா ஒரு மனிசி போற வழி இருட்டாக் கிடக்கலாமோ?"

அந்த முக்கால் மணித்தியாலம் எனக்கு நெடுநாளாக உறுத்திய கணக்கு. நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கிறவள்; பதிகங்களின் நீளம் எனக்குத் தெரியும். திரி போட்டு, எண்ணெய் விட்டு, பதினொரு பாட்டையும் இராகத்தோடு பாடி முடித்தாலும் பதினைந்து நிமிடம் போதும். மிச்ச அரை மணித்தியாலம் அம்மாவும் வைரவரும் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. நான் பொதுவாக எதையும் கேட்பதில்லை.

அப்பாவுக்கு அன்று இன்னொரு முறைப்பாடும் இருந்தது. "இஞ்சாரும், நீர் சொன்ன கடையை நெல்லியடி முழுக்கத் தேடிப்போட்டன். மூண்டு கடையிலை வாய்ப்பன் வாங்கித் திண்டு பாத்தன். ஒண்டும் போன கிழமை நீர் வாங்கி வந்த வாய்ப்பன் மாதிரி இல்லை."

வாய்ப்பன் என்பது வாழைப்பழத்தை மாவோடு பிசைந்து பொரிக்கிற உருண்டை. அப்பாவின் ஒரேயொரு பலவீனம்.

"கடையைப் பூட்டிப்போட்டாங்களாக்கும்," என்ற அம்மா, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும், ஏதோ அடிப்பிடிக்கிறது என்று குசினிக்குள் போய்விட்டார்.

அப்பா வரைபுத்தாளில் திட்டம் வரைந்தார். கறுப்புப் பெட்டி குசினிச் சுவரில். அங்கிருந்து பாதையோரமாக ஒரே வரிசையில் ஒன்பது விளக்குகள். எட்டாவது அம்மா விழுந்த படிக்கு. வரிசையின் முடிவில், வேப்பமரத்தடியில், குவிவிளக்கு. அது சூலத்தையும் மரத்தையும் பின்வேலியையும் சேர்த்து, கொடியேற்றத்துக்குச் சோடித்தது போலப் பிரகாசிக்கச் செய்யும். வீட்டுப்பக்க முனையை அவர் எடுத்துக்கொண்டார். அலவாங்கையும் மண்வெட்டியையும் தந்து வைரவர் பக்க முனைக்கு என்னை அனுப்பினார்.

வயரைப் புதைக்க நான்கு விரல் ஆழத்தில் கான் போல ஒரு சிறு வாய்க்கால் போதும். ஆடி மாதச் சோழகக் காற்று காயவைத்த செம்மண், அலவாங்கு பட்ட இடத்தில் பொருக்காகக் கழன்றது. மரத்தடிக்கு வந்து, குவிவிளக்கைக் குத்த இடம் பார்த்தபோது, சூலத்துக்குப் பின்னால் வேலியில் சாத்தியிருந்த தகரம் இடைஞ்சலாக இருந்தது. சற்றுத் தள்ளினேன். எண்ணெய் போட்ட கதவு போல அது விலகியது.

அங்கே ஒரு பொட்டு இருந்தது: வேலியாக நட்டு வளர்த்த இரண்டு கதியால் மரங்களுக்கு இடையே, குனிந்தால் ஆள் போய்வரக்கூடிய இடைவெளி. எங்கள் பக்கத்தில் ஒரு பூச்சாடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடிப்பாகம் உட்கார்ந்து உட்கார்ந்து மினுங்கிப்போயிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ற் வாளி, மேலே சாக்கு மடித்த மெத்தையோடு. வேப்பமரத்து ஆணியில் ஒரு சில்வர்க் கிண்ணம் தொங்கியது. விளிம்பில் பெயரெழுத்து வெட்டியிருந்தது. எங்கள் வீட்டு எழுத்தல்ல.

அந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்பு, இந்த வேலியின் ஒரு பூவரசங் கதியாலை ஆட்டுக்குக் குழை வெட்டுவதற்காகப் பின்வீட்டுக்காரர் மொட்டையடித்தார். அது எங்கள் கதியாலா அவர்களுடையதா என்பது குறித்து அப்பா கிராமசேவகருக்கு மூன்று பிரதிகளில் முறைப்பாடு எழுதினார். கதியால் இரண்டு மாதத்தில் துளிர்த்துவிட்டது. முறைப்பாடு இன்னும் துளிர்க்கவில்லை. அன்றுமுதல் இரு வீட்டாரும் பேசுவதில்லை என்பது எங்கள் வெளியுறவுக் கொள்கை.

கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது பல செய்திகள் ஒன்றாக விளங்கின. அந்த வாரம் ஆடிப்பிறப்புக்கு எங்கள் வீட்டில் இரண்டு விதமான கொழுக்கட்டை இருந்தது. சில வெள்ளிக்கிழமைகளில் கத்தரிக்காய்க் குழம்புக்கு வேறொரு கை வாசம் வரும். பிறகு, நெல்லியடியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத அந்த வாய்ப்பன் கடை.

பின்னால் அம்மா தேத்தண்ணியோடு நின்றார்.

"கண்டிட்டியோ?"

"ஓம்."

"எவ்வளவு காலமா எண்டு கேக்க மாட்டியோ?"

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "நாலு வருசம். முதல் வருசம் உண்மையாவே கதைக்கேல்லை. பிறகு கொரோனா ஊரடங்கு நேரம் பின்வீட்டு அக்கா உதுக்காலை முட்டை நீட்டினவ. முட்டையை வாங்கிப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிக்கேலுமே?"

"படியிலை விழுந்தது?"

"அண்டைக்கு அவ தன்ரை மனிசன் பல்லுச்செற்றைத் துலைச்ச கதை சொன்னவ. கிணத்தடி மட்டும் சிரிச்சுக்கொண்டு வந்தனான். சிரிப்பிலை படி எங்கை தெரியுது?" அதைச் சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்து, தேத்தண்ணி தளம்பியது. பிறகு முகம் மாறியது. "பிள்ளை, கொப்பர் என்னோடை கதைக்கிறதெல்லாம் அறிவித்தல். நீ ஒரு நாளைக்குப் பத்து வசனம் கதைப்பாய், அதிலை நாலு 'ஓம்'. எனக்கெண்டு இருக்கிறது உந்த அரை மணித்தியாலம். உதிலை லைற்றைப் பூட்டினால் ரெண்டு வீட்டு ஆம்பிளையளுக்கும் நாங்கள் படம் காட்டுற மாதிரி. அப்பா கண்டால் நாளைக்கே மதில் எழும்பும்."

நான் "ஓம்" என்றேன். அவருடைய கணக்கின்படி அது அன்றைய ஒதுக்கீட்டைத் தாண்டியிருக்கும்.

திரும்பி வந்தபோது அப்பா விளக்கக் குறிப்புத் தாளை நீட்டினார். "கண்ணாடி உள்ளை கிடக்குது. இலக்கியம் படிக்கிறனிதானே. வாசிச்சுச் சொல்லு." தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதை எழுதியவர் ஆழ்ந்த அவநம்பிக்கை கொண்ட மனிதர். ஒவ்வொரு வசனமும் ஒரு விபத்தை எதிர்பார்த்தது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பல்லுள்ள பிடியை வயரில் வைத்து அழுத்தினால் அதன் பல் உள்ளே இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பெட்டியை மழை படாத இடத்தில் மாட்டவேண்டும். அடுத்த வசனம் இது: வயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் தூரத்து விளக்குகளுக்கு மின்சாரம் போதாமல் அவை மங்கும், ஆகவே தடித்த வயரைப் பயன்படுத்துக, அல்லது நடுவிலிருந்து மின்சாரம் கொடுக்க.

அந்த வசனத்தை நான் விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பில் விடுபடல் பெரிய குற்றம் என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். குற்றத்தை அறிந்தே செய்தேன்.

அத்தோடு நிறுத்தவுமில்லை. எல்லா விளக்கையும் மண்ணில் குத்தி, பிடி பூட்டுவதற்காக வயரை விரித்துப் பார்த்தபோது அதில் ஒன்பது மீற்றர் மிஞ்சியது. அப்பா வயர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார்.

"வெட்டினால் பிறகு தேவைப்படேக்கை காணாமல் போகும்," என்றேன். "சுருட்டித் தாட்டு விடுவம்."

யாழ்ப்பாணத்தில் எந்தப் பொருளையும் வெட்டாமல் காப்பாற்ற இதைவிட வலுவான வாதம் கிடையாது. அப்பா குறட்டை மடித்து வைத்தார். மிச்ச வயரைச் சுருட்டி, எட்டாவது விளக்குக்குச் சற்று முன்னால், ஒரு முழக் குழியில் நான் புதைத்தேன். மின்சாரம் கடைசி மூன்று விளக்குகளுக்குப் போகுமுன் அந்தச் சுருளைச் சுற்றிக் களைக்கவேண்டும். வைரவர் மங்கலாக இருப்பார். பொட்டு இருட்டில் இருக்கும். காரணம் கேட்டால் பௌதிகவியல் பொறுப்பேற்கும். எட்டாவது விளக்கு எதற்காக அங்கே நிற்கிறது என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. துல்லியமானவள் என்று என்னைச் சொல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆறே முக்காலுக்கு அப்பா மின் ஆளியைப் போட்டார்.

முதலாவது விளக்கு ஊசியில் நூல் கோக்கலாம் போல எரிந்தது. அப்பா விரல் நீட்டி, வகுப்பில் பெயர் வாசித்து இடாப்புக் கூப்பிடுவது போல எண்ணிக்கொண்டு போனார். "ஒண்டு. ரெண்டு. மூண்டு." ஐந்தில் குரல் தளர்ந்தது. ஏழாவது, காய்ச்சல்காரனின் கண் மாதிரி இருந்தது. எட்டாவதையும் ஒன்பதாவதையும் மின்மினி கண்டால் பரிதாபப்படும். பத்தாவது, வைரவரின் கல்லில் ஒரு சந்தேகமாகப் படிந்து கிடந்தது.

"வகுப்பிலை கடைசி வாங்குக்காறர் எங்கையும் உப்பிடித்தான்," என்றார் அப்பா. "போய்ப் பாத்துக்கொண்டு வாறன்."

அம்மா விளக்கோடு பாய்ந்து முன்னுக்கு வந்தார். "நீங்கள் நில்லுங்கோ, நான் விளக்கு வைச்சுப்போட்டு அப்பிடியே பாத்துக்கொண்டு வாறன்."

"நீர் நில்லும். படி இருட்டு. நான் பாத்துச் சரியெண்டு சொன்னாப் பிறகு வந்தாப் போதும்."

"ரோச்சையாவது கொண்டு போங்கோவன்!"

"லைற் எவ்வளவு எரியுதெண்டு ரோச் அடிச்சே பாக்கிறது?"

போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் வைரவரை உண்மையாகவே வேண்டிக்கொண்டதை அப்போதுதான் கண்டேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அப்பாவின் பின்னால் போய், வாழைப் பத்தையோடு மறைந்து நின்றேன்.

அவர் மரத்தடிக்குப் போய்க் குனிந்து குவிவிளக்கை ஆட்டிப் பார்த்தார். தகரம் மெல்ல விலகியது. பின்வீட்டு மாமியின் குரல்.

"வந்திட்டியே? உனக்காக் குந்தியிருந்து கால் விறைச்சுப் போச்சு. என்ன, உன்ரை பிரதி அதிபர் லைற்றுகளுக்கு இடாப்புக் கூப்பிட்டு முடிச்சிட்டாரோ? இஞ்சை என்ரை மனிசன் கேக்கிறார், அங்காலை என்ன கொடியேற்றமோ எண்டு. நான் சொன்னன், இல்லையப்பா, அந்தாள் தலைக்குள்ளை எரியாத லைற்றைக் காணிக்குள்ளை பூட்டுது எண்டு."

அப்பா அசையவில்லை. முப்பது வருடப் பாடசாலை வாழ்க்கையில் அவரைப் பற்றி அவர் முன்னால் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

"இந்தா, பிடி. சூடு. போன முறை நெல்லியடிக் கடை வாய்ப்பன் எண்டு சொல்லிக் குடுத்தனி, மனிசன் ஆறு திண்டுபோட்டுக் கடைக்கு விலாசம் கேட்டவராமே? பாவம். இண்டைக்கு எட்டு வைச்சிருக்கிறன்."

பொட்டுக்கூடாக ஒரு கையும் கிண்ணமும் நீண்டன. அப்பா வாங்கினார். வாங்காமல் விட்டால் விழுந்துவிடும். வாய்ப்பனை விழவிடும் மனிதர் அல்லர்.

"என்னடி, வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ? கதையன்."

அப்பா தொண்டையைச் செருமினார். வேண்டுமென்று செய்தாரோ தானாக வந்ததோ, எனக்குத் தெரியாது. காலைக் கூட்டத்தில் எழுநூறு பிள்ளைகளை அடக்கிய செருமல் அது. வேலிக்கு அப்பால் பெயின்ற் வாளி உருண்டது. "ஐயோ, என்ரை வைரவா!" என்ற குரல் தூரமாகிக்கொண்டே போனது. தகரம் தானாக மூடிக்கொண்டது.

அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி திரும்பி நடந்தார். எட்டாவது விளக்கடியில், நான் இருட்டாக்கிய அந்தப் படியில், பெருவிரல் அடிபட்டுத் தடுமாறினார். கிண்ணம் தப்பியது, இரண்டு வாய்ப்பன் உருண்டன. வைரவரின் நாய் எழுந்து வந்து இரண்டையும் தின்றது. அன்றைய படையல் அதுதான்.

சமையலறை மேசையில் கிண்ணத்தை வைத்து, பெயரெழுத்து அம்மாவின் பக்கம் தெரியும்படி திருப்பினார்.

"நெல்லியடிக் கடை கிட்டத்தான் இருக்குது போலை."

அப்பா உட்கார்ந்து, மூன்று வாய்ப்பனை ஒவ்வொன்றாக, முழுக் கவனத்தோடு சாப்பிட்டார். கையைத் துடைத்தார். கண்ணாடியைப் போட்டார். "பிள்ளை, அந்தக் கடதாசியைக் கொண்டு வா."

தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்து, ஒரு வசனத்தில் விரலை வைத்தார்.

"உதை நீ எனக்கு வாசிக்கேல்லை."

"ஓம்."

"ஏன்?"

அம்மா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "அம்மாவுக்குக் கதைக்க ஓரிடம் வேணும். வெளிச்சம் வந்தால் நீங்கள் கண்டிடுவீங்கள். கண்டால் மதில் கட்டுவீங்கள். ஆனால் படி இருட்டாப் போகுமெண்டு நான் நினைக்கேல்லை. அது என்ரை பிழை."

அப்பா பெருவிரலைத் தடவிப் பார்த்தார். வீங்கத் தொடங்கியிருந்தது. அம்மாவின் கணுக்காலையும் ஒருமுறை பார்த்தார்.

"மதில் கட்டக் கல்லு இப்ப என்ன விலை விக்குதெண்டு தெரியுமே உனக்கு?" என்றார். எழுந்தபோது திரும்பி, "பின்வீட்டு அந்தாளோடை நான் கதைக்க மாட்டன். அது வேறை," என்றும் சேர்த்தார். மிச்சம் இருந்த மூன்று வாய்ப்பனையும் மூடி வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை, விடிந்த கையோடு, ஒன்பது மீற்றர்ச் சுருளைத் தோண்டி வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை மறுபடி பொருத்தினேன். கறுப்புப் பெட்டியைக் குசினிச் சுவரிலிருந்து கழற்றிக் கிணற்றடி மோட்டார் அறைக்கு மாற்றி, அந்த ஒன்பது மீற்றரால் வயரின் நடுவிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். போட்டுப் பார்த்தபோது படியடியில் எட்டாவது விளக்கு மற்றவற்றோடு சமமாக எரிந்தது. பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டையை உரசித் துப்புரவாக்கி, குவிவிளக்கைத் தரையை நோக்கித் திருப்பி, அதன் தலையில் கவிழ்த்துக் கட்டினேன். வெளிச்சம் சூலத்தின் அடியிலும் பூச்சாடியைச் சுற்றியும் கால் வைக்கும் அளவுக்கு விழுந்தது. அதற்கு மேல், முகங்கள் இருக்கும் உயரத்தில், ஒன்றும் தெரியவில்லை.

அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார். கையில் அந்தக் கிண்ணம். கழுவியிருந்தது, அதற்குள் எங்கள் எலுமிச்சை மரத்துத் தேசிக்காய் ஏழு. ஒன்றில் புள்ளி இருந்ததைக் கண்டு, அதை எடுத்துச் சாரத்து மடிக்குள் போட்டுக்கொண்டார்.

"வாங்கின கிண்ணத்தை வெறுமையாக் குடுக்கக்கூடாது. கொம்மாவின்ரை கால் இன்னும் சரியில்லை. நீ கொண்டுபோய்க் குடு," என்று சொல்லிவிட்டு, வேலியின் பக்கம் திரும்பாமல் நடந்தார்.

நான் தகரத்தைத் தள்ளினேன். வாளியை மறுபடி நிமிர்த்தி, சாக்கை உதறிக்கொண்டிருந்த மாமி திடுக்கிட்டு, "ஆரது?" என்றார்.

"நான்தான் மாமி," என்று கிண்ணத்தை நீட்டினேன். அவர் தேசிக்காயை எண்ணிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் அப்பா நிற்கிறாரா என்று பார்த்தார். நான் பூச்சாடியில் உட்கார்ந்தேன்.

"மாமி, அந்தப் பல்லுச்செற் கடைசியிலை எங்கை கிடந்தது?" என்று கேட்டேன்.